அவர் வாசிக்காமல் விட்ட வரி

என் கணவருக்கு நல்ல குரல். பினாங்கில் தமிழர் வீட்டுக் கல்யாண விருந்து என்றால் மண்டபத்தில் மைக்கைப் பிடிக்க அவரைத்தான் தேடி வருவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழையும்போது அவர் இரண்டு வரி பேசினால் போதும், சாப்பாட்டில் கவனமாக இருப்பவர்கள்கூட எழுந்து கைதட்டுவார்கள். நானும் அந்தக் குரலில் மயங்கித்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். என் குரல் வேறு மாதிரி. ஜலதோஷம் பிடித்தவள் பேசுவது போலிருக்கும், கோபம் வந்தால் கீச்சென்று மேலே போய்விடும்.

ஊரடங்குக் காலத்தில் கல்யாணங்கள் நின்றுபோய் அவர் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, இணையத்தில் ஒரு சானல் தொடங்கினோம். கையில் வைத்து விளையாடும் கேம் கருவிகள், அவற்றோடு மாட்டிக்கொள்ளும் சாமான்கள், இவற்றையெல்லாம் பயன்படுத்திப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று தமிழில் சொல்வது. கேம் பைத்தியம் எனக்குத்தான். அவருக்குப் பேசப் பிடிக்கும். அதனால் வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. நான் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பேன், அவர் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவார்.

சோதிப்பது எனக்குப் புதிதல்ல. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே பலகைகளை வைத்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்குவதுதான் வேலை. நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் அது ஒதுக்கப்பட்டது ஒதுக்கப்பட்டதுதான், மேனேஜரே வந்தாலும் காரணம் கேட்பாரே தவிர ஸ்டிக்கரைப் பிய்க்க மாட்டார். வீட்டில் அப்படியில்லை என்பது எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆனது.

வீடியோக்களில் அவர் "நான் பார்த்தேன், நான் ஒரு வாரம் பயன்படுத்தினேன், நான் கவனித்தது என்னவென்றால்" என்றுதான் பேசுவார். நான் எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். "நாங்கள்" என்று எழுதினால் வாய்க்கு நன்றாக இல்லை என்றார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. வீடியோவில் என் கைகள் மட்டும் வரும். பொட்டலம் பிரிக்கும் கை, பொத்தானை அழுத்தும் கை. எங்கள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். நான் காரில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

போன வருடம் ஒரு நிறுவனம் கார்டு ஸ்கேனர் ஒன்றை அனுப்பி வைத்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். கேம் கருவியின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கும், அதில் கார்டை வைத்தால் உள்ளே இருக்கிற ரப்பர் உருளை அதை இழுத்து மறுபக்கம் தள்ளும். கார்டின் கீழ் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் அச்சாகியிருக்கும். அந்தப் புள்ளிகளைப் படித்துத்தான் ஸ்கேனர் அந்தக் கார்டுக்கு உரிய உருவத்தைக் கேமுக்குள் கொண்டுவரும்.

கேம் ஒரு மீன்தொட்டி. ஒவ்வொரு கார்டும் ஒரு மீன். கார்டைப் போட்டால் அந்த மீன் திரையில் நீந்தும், தீனி போடலாம், வளர்க்கலாம். அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால் தொட்டி காலியாக இருக்கும், மறுபடியும் கார்டைப் போட்டால்தான் மீன் வரும். நான் பள்ளியில் படித்த காலத்தில் இதே கேம் இருந்தது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கார்டுகளைச் சேர்த்தோம். அப்போது இருந்த கருவியில் உருளை கிடையாது, கார்டை நாமே கையால் இழுக்க வேண்டும். இப்போது அதைப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். பழைய கார்டுகளும் இதில் வேலை செய்யும் என்பதுதான் விளம்பரத்தின் பெரிய வாக்குறுதி. முப்பது நாற்பது வயதில் இருக்கிறவர்களைப் பிடிக்க அதைவிட நல்ல தூண்டில் இல்லை.

நிறுவனத்திலிருந்து பேசிய பெண் என் கணவரிடம் இன்னொன்றும் சொன்னாள். கோலாலம்பூரில் ஒரு கேம் கண்காட்சி நடக்கப் போகிறது, தமிழில் மேடை நிகழ்ச்சி நடத்த ஒரு ஆள் தேவை, இந்த வீடியோ எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றாள். அன்று முழுவதும் அவர் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

நான் ஒரு சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சோதித்தேன். புதிய கார்டுகள் பிரச்சினை இல்லாமல் போயின, நன்றாகவே இருந்தது. பழைய கார்டுகளுக்காகச் சூலியா தெருவுக்குப் பின்னால் பழைய சாமான் விற்கிற கடையில் தேடி ஒரு கட்டு வாங்கி வந்திருந்தேன். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய கார்டுகள் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். முதல் கார்டு உள்ளே போகும்போதே கறகறவென்று ஒரு சத்தம். மீன் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதே கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஐந்தாவது தடவையில் கீழ் ஓரம் வெளிறத் தொடங்கியது. வெள்ளைத் துணியால் உருளையைத் துடைத்தேன், துணியில் கறுப்பாக மை ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பாதி இல்லை. பத்துத் தடவைக்குள் அந்தக் கார்டு செத்துப்போனது. வேறு மூன்று கார்டுகளில் பார்த்தேன், அதே கதைதான். பழைய கார்டின் மேல்பூச்சு மெல்லியது, உருளையின் ரப்பர் கடினம். அது கார்டைப் படிக்கவில்லை, சுரண்டியது.

நான் நோட்டில் எழுதிய குறிப்பின் முதல் வரி இது: "பழைய கார்டுகளை இதில் போடாதீர்கள். கெட்டுப்போகும், திரும்பி வராது." அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மறுநாள் மதியம் வீடியோ எடுத்தோம். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். முதல் வரியைத் தாண்டி இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தார். மறந்துவிட்டார் போல என்று நினைத்துப் பதிவை நிறுத்தினேன்.

"மொத வரிய விட்டுட்டீங்க."

"விடல. அது வேணாம்."

"வேணாமா? அதானே முக்கியம்?"

"ஒரே கார்ட பத்துத் தடவ எவன் லா போடுவான்? நீ ஃபேக்டரில பாக்கற மாதிரி பாக்கற. வாங்கறவன் அப்படிப் பாக்க மாட்டான்."

"ஒவ்வொரு நாளும் போட்டாத்தான் மீனே வரும். பத்து நாள்ல கார்டு ரோசாக் ஆயிரும், கெட்டுப்போயிரும்."

அவர் நோட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் போடத் தேவையே இருந்ததில்லை.

"வாழ்க்கையில எனக்கு ஒரு பெரிய மேடை வருது. நீ அதக் கெடுக்கணும்னு நெனைக்கிறியா?"

நான் கைப்பேசியை மறுபடியும் தூக்கிப் பிடித்தேன். "எடு" என்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

இந்த இடத்தை நான் பலமுறை எனக்கு நானே வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன், அவர் பிறகு வெட்டி ஒட்டும்போது சேர்த்துவிடுவார் என்று நம்பினேன். எல்லாம் பொய். எனக்கும் கோலாலம்பூர் போக ஆசையாக இருந்தது. அவர் மேடையில் நிற்க, நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் மனசில் ஓடியது. அதனால்தான் அழுத்தினேன்.

"உங்கள் பழைய கார்டுகளுக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது" என்று அவர் முடித்தார். அந்த வரியை நான் எழுதவில்லை. கேட்கிறபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அதுவரை நாங்கள் போட்டதிலேயே அந்த வீடியோதான் நன்றாக ஓடியது. தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். என் நாத்தனார் போன் செய்து "அண்ணன் பேசறது கேட்டு அழுதுட்டேன் அண்ணி" என்றாள். இரண்டு வாரம் கழித்துக் கருத்துப் பகுதியில் வேறு மாதிரியான வரிகள் வரத் தொடங்கின. "அண்ணே, கார்டு வெள்ளையாகுது, ஏன்?" "என்னோடதும் போச்சு." என் கணவர் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார்.

சானலுக்கு வருகிற கடிதங்களை நான்தான் படிப்பேன். அதில் ஒன்று சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தம்பியின் கார்டுகள் கெட்டுவிட்டன, சரிசெய்ய வழி இருக்கிறதா, உங்களை நேரில் பார்க்க முடியுமா என்று எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். எங்கேயும் திட்டவில்லை. நான் என் கணவரிடம் சொல்லாமல் முகவரியை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பேருந்து ஓட்டுகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எங்கள் நான்காவது மாடி வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்ல இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஆல்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்துக்கு நான்கு கார்டு. வரிசையாக, ஒரு கார்டும் மடங்காமல்.

"தம்பிக்குக் கிட்னி போச்சு தங்கச்சி. வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ். ஸ்கூல் படிக்கறப்ப சேத்த கார்டுங்கள எங்க போனாலும் எடுத்துக்கிட்டுப் போவான். அங்க படுத்துக்கிட்டே பழைய மெசின்ல அத வெச்சு வெளையாடுவான். நான் பக்கத்துல ஒக்காந்து தூங்குவேன். என்னா பாக்கறான்னு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல."

தம்பி அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டான். பழைய கருவி அவனுக்கு முன்பே பழுதாகிவிட்டது. எங்கள் வீடியோவைப் பார்த்ததும், தம்பி அத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கேம் கருவியும் ஸ்கேனரும் வாங்கியிருக்கிறார். மாலையில் பிள்ளைகளையெல்லாம் வீட்டில் இறக்கிவிட்டு வந்து, பேருந்திலேயே உட்கார்ந்து மீன்களைத் திரையில் விடுவாராம்.

"இங்க பாருங்க" என்று ஒரு கார்டை உருவிக் கொடுத்தார். கெளுத்தி மீன். கீழ் ஓரம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"இந்தப் புள்ளிங்களுக்குக் கொஞ்சம் மேல, ஓரத்துல பேனாவுல எழுதியிருந்தான். ஒவ்வொரு மீனுக்கும் வீட்டுல ஒரு ஆளு. அம்மா, சித்தி, அத்தன பேரும். இதுல 'அண்ணன்'னு எழுதியிருந்தான். என்னைய கெளுத்தின்னு வெச்சிருக்கான், மீசைக்காக." சிரித்தார். "இததான் தெனமும் போட்டேன். இதுதான் மொதல்ல போச்சு. இப்ப எழுத்தும் இல்ல, மீனும் வர மாட்டேங்குது."

நான் கார்டைச் சன்னல் பக்கம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். பேனா அழுத்திய தடமாவது தெரியுமா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை.

அதற்குள் என் கணவர் அறையிலிருந்து வந்தார். நின்றபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு நாற்காலியை இழுத்து வந்தவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, ரொம்ப மன்னிச்சுக்குங்க. உண்மையச் சொல்லிடறேன். இந்த டெஸ்ட் பண்றதெல்லாம் நான் இல்ல, என் வைஃப்தான். அவ ஃபேக்டரில அந்த வேலதான் பாக்கறா. அவ எழுதிக் குடுக்கறத நான் வாசிக்கறேன், அவ்வளவுதான். இது எப்படி அவ கண்ணுல படாமப் போச்சுன்னு தெரியல."

நான்கு வருடத்தில் அவர் முதல் தடவையாக என் வேலையை எனக்குக் கொடுத்தார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் அழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவசரமாகக் கையை ஆட்டினார். "பரவால்ல லா தங்கச்சி. தெரியாமத்தானே நடந்துச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். என் கணவர் சொன்னதைக்கூட விழுங்கியிருப்பேன், வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் எனக்கு இல்லாத அறியாமைக்கு ஒரு மனிதர் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்ணே" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. "தெரிஞ்சுதான் எழுதி வெச்சேன்."

எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். என் கணவர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். வந்தவர் குனிந்து படித்தார். கோடு போட்ட வரியை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டுகிறவர் போல மெதுவாகப் படித்தார். என் கணவர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"எழுதி வெச்சீங்க" என்றார். "எழுதி வெச்சு?"

நான் நோட்டை மூடினேன்.

"நோட்டுல இருந்தா எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?"

ஆல்பத்தைப் பையில் போட்டார். நான் ஊற்றி வைத்த தேநீர் அப்படியே இருந்தது. படிக்கட்டில் அவர் காலடி நான்கு மாடியும் இறங்குவது கேட்டது, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

அன்று மாலை என் கணவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினார். "ஒரு பஸ் டிரைவர் முன்னால என்னைய அவமானப்படுத்திட்ட." கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கண்காட்சி முடியட்டும் என்றார்.

அந்த வாரம் விடுப்பு எடுத்து, அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நானே ஒரு வீடியோ எடுத்தேன். கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, வெளுத்த கார்டையும் மை ஒட்டிய துணியையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சானலில் போட்டேன். மறுநாள் காலையில் அது இல்லை, கடவுச்சொல்லும் மாறியிருந்தது. என் பெயரில் தனியாக ஒரு பக்கம் தொடங்கி அதில் போட்டேன். மிகச் சிலர்தான் பார்த்தார்கள். வந்த கருத்துகளில் ஒன்று ஸ்கேனரைப் பற்றி. மற்றவையெல்லாம் என் குரலைப் பற்றி, புருஷன் பொண்டாட்டி சண்டையை எதற்கு இங்கே கொண்டுவருகிறாய் என்பதைப் பற்றி.

கோலாலம்பூர் மேடைக்கு நிறுவனம் வேறு யாரையோ கூப்பிட்டது. என் வீடியோவால் இல்லை, அதை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் நான்தான், இன்றுவரை. கல்யாண மேடைகள் இருக்கின்றன, சானலும் இருக்கிறது. இப்போது நிறுவனங்கள் அனுப்புகிற தாளைப் பார்த்து அவரே பேசுகிறார். முன்பைவிட நன்றாகவே பேசுகிறார். சோதித்துப் பார்க்கச் சொல்லி அவர் கேட்பதில்லை, நானும் பொட்டலங்களைத் தொடுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

மூன்று மாதம் தேடி அந்த ஆல்பத்தில் இருந்த மீன்களில் பெரும்பாலானவற்றை வாங்கிச் சேர்த்தேன். சில கார்டுகள் பாலிக் புலாவில் ஒரு பழைய ஸ்டேஷனரி கடையின் அலமாரியில் பிரிக்காமலே கிடந்தன. கெளுத்தியும் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பேருந்து பிடித்து சுங்கை பாக்காப் போனேன். வருகிறேன் என்று எழுதியிருந்தேன். அவர் பதில் எழுதவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

வீட்டின் முன்னால் மஞ்சள் பேருந்து நின்றது. அவர் வாளியும் துணியுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு, சிரப் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னார். அவர் மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். நான் கார்டுகளை எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் புதிதுபோல் பளபளவென்று இருந்தன. கெளுத்தி வந்தபோது கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுக்கிச் சமன்செய்து என் பக்கம் நகர்த்தினார். "ஆனா இது அவன் கார்டு இல்லையே. ஒங்க கிட்டயே இருக்கட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன தகுதி இருந்தது? கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"அந்த வீடியோவ எடுத்தாச்சா?"

"இல்லண்ணே. இன்னும் இருக்கு."

"இன்னும் ஆளுங்க பாக்கறாங்களா?"

"பாக்கறாங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சரி தங்கச்சி, பஸ் வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய், வாளியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் அவரைக் கடந்து சாலைக்கு வந்தேன். நிறுத்தத்தில் யாரும் இல்லை. பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது.